பாமினி, திஸ்கி, உடைந்த யூடிஎஃப்-8: ஒரு சிற்றிதழின் பழைய கோப்புகளை மீட்ட பதிவு

1998 முதல் 2009 வரை வந்த ஒரு சிற்றிதழின் கோப்புகளை இப்போது எந்தக் கைப்பேசியிலும் திறந்து படிக்கலாம். ஒரு சொல்லைத் தேடினால் அது வந்த இதழும் பக்கமும் கிடைக்கின்றன. அதுவரை அவை முக்கியமாகப் பாமினி, திஸ்கி, யூடிஎஃப்-8 என்ற மூன்று குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறைகள்) சிதறிக் கிடந்தன. இதே மாதிரிப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றை எடுக்கப்போகிறவருக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆசிரியர் கொடுத்த அட்டைப்பெட்டியில் சிடிகள், ஒரு பழைய ஹார்டு டிஸ்க், இதழின் இணையதளத்திலிருந்து எடுத்த மைசீக்வெல் தரவுத்தள நகல் ஒன்று, ஏறக்குறைய எல்லா இதழ்களின் அச்சுப் பிரதிகள் ஆகியவை இருந்தன. அச்சுப் பிரதிகளை முதலில் ஓரமாக வைத்துவிட்டேன். கோப்பு இருக்கும்போது தாள் எதற்கு என்று நினைத்தேன். முடிவில் வேலையின் கடினமான பாதியை அந்தத் தாள்கள்தான் தீர்த்து வைத்தன.

சிடிகளைப் படிக்க யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன், 1,250 ரூபாய். மடிக்கணினியில் லினக்ஸ். கீறல் விழுந்த சிடிகளுக்கு டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை நன்றாக உதவியது. படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய் மற்றதை எடுத்துவிட்டு, விட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். எடுத்த எல்லாவற்றையும் ‘மூலம்’ என்ற அடைவில் போட்டு, எழுதும் அனுமதியை நீக்கி, ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு செய்த எதுவும் அந்த அடைவைத் தொடவில்லை.

அடுத்த படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். கோப்பைத் திறந்ததும் புரியாத எழுத்துகள் தெரியும். உடனே ஏதாவது ஒரு எழுத்துரு மாற்றியில் ஒட்டிப் பார்க்கிறோம். பாதி சரியாக வந்தால் சந்தோஷமாகச் சேமித்துவிடுகிறோம். மீதிப் பாதி அங்கேயே செத்துப்போகிறது. மாற்றியைத் தொடுவதற்கு முன்னால் கோப்பில் என்ன பைட்டுகள் இருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். லினக்ஸில் ஓடி என்றொரு சின்னக் கட்டளை உண்டு. ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் காட்டச் சொல்லலாம். இந்த வேலைக்கு அது போதும்.

‘தமிழ்’ என்ற ஒரே சொல் என் பெட்டியில் மூன்று விதமாக இருந்தது:

பாமினி: 106 107 112 111 59
திஸ்கி: 190 193 162 250
யூடிஎஃப்-8: 224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141

பாமினியில் உள்ள ஐந்து எண்களும் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலக் கோப்புதான். தமிழ் என்பது எழுத்துருவில் மட்டும் இருக்கிறது. ஜே இருக்க வேண்டிய இடத்தில் ‘த’வின் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். திஸ்கி கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு 128-க்கு மேலே தமிழை வைக்கிறது. நான்கே பைட்டுதான், ‘ழ்’ முழுதாக ஒரே எண்ணில் (250) வந்துவிடுகிறது. யூனிகோடு என்ற, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்து அட்டவணையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம். அதை யூடிஎஃப்-8 ஆக எழுதும்போது ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் ஆகும். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ‘மி’ என்பது ம, இகரக் குறி என இரண்டு குறியீடு. புள்ளியும் தனிக் குறியீடு. ஆக மொத்தம் பதினைந்து பைட்.

இந்த எண்களை வைத்தே கோப்புகளைத் தரம் பிரிக்கும் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். 224-ஐத் தொடர்ந்து 174 அல்லது 175 வந்துகொண்டே இருந்தால் நல்ல யூடிஎஃப்-8. 195 160 194 174 என்று திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறை கெட்டுப்போன யூடிஎஃப்-8 (அதைப் பிறகு சொல்கிறேன்). 128-க்கு மேலே ஏறக்குறைய எதுவுமே இல்லாமல் 59 மட்டும் கொட்டிக் கிடந்தால் பாமினி. 59 என்பது அரைப்புள்ளி, பாமினியில் அதுதான் மெய்யெழுத்தின் புள்ளி. எந்த ஆங்கிலக் கட்டுரையிலும் அத்தனை அரைப்புள்ளி வராது. மேல்பாதியில் 162-ம் 236 முதல் 253 வரையுள்ள எண்களும் அதிகமாக இருந்தால் திஸ்கி. 1999-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாப் குறியாக்கத்தில் சில கோப்புகள் மட்டும் இருந்தன. அவை ஓபன்-தமிழ் நிரல்தொகுப்பில் போட்டதும் ஒழுங்காக வந்துவிட்டன, சொல்ல ஒன்றுமில்லை.

பாமினி

பெட்டியில் பாதிக்கு மேல் பாமினிதான். எழுத்தும் எண்ணும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால் அட்டவணை போட்டு மாற்றிவிடலாம். ஆனால் பாமினி தட்டச்சுப் பொறி வழியில் வந்தது. கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில்தான் அடிக்க வேண்டும். ‘கெ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. எனவே கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றையும் அடுத்த எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். ‘கொ’ என்றால் முன்னால் கொம்பும் பின்னால் காலும் இருக்கும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

‘ர்’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் ரகரத்துக்கு யூ என்ற விசை. ஆனால் ர், ரி, ரீ மூன்றையும் கால் வாங்கும் எச் விசையில்தான் பெரும்பாலும் அடிப்பார்கள், வடிவம் அழகாக வரும் என்பதால். ஆகவே எச்சுக்குப் பின்னால் அரைப்புள்ளி வந்தால் அது ‘ர்’, தனியாக வந்தால் ஆகாரக் கால். ‘கார்’ என்ற சொல்லில் இரண்டு எச் அடுத்தடுத்து வரும். முதலாவது கால், இரண்டாவது ர். அட்டவணையில் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டு, ஒற்றை விசைகளைக் கடைசியில் மாற்றினால்தான் இது சரியாகும். நான் முதலில் அகரவரிசையில் மாற்றிப் பார்த்தேன், ‘அவர்’ எல்லாம் ‘அவா்’ என்று வந்தன. பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. தேடினால்தான் கிடைக்கவில்லை. இணையத்தில் இன்றும் இப்படிக் காலுக்குப் புள்ளி வைத்த ‘ர்’ ஏராளமாக இருக்கிறது. தேடுபொறிக்கு அது வேறு சொல்.

ஔகாரம் இன்னும் தொல்லை. இதழுக்குத் தட்டச்சு செய்த அக்காவைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன்.

“ஔகாரத்துக்குத் தனியா விசை கிடையாது தம்பி. கொம்பு போட்டு, எழுத்து போட்டு, பக்கத்துல ள அடிப்போம். அச்சுல பார்த்தா ஒண்ணுதானே?”

அச்சில் ஒன்றுதான். கோப்பில் ‘கௌ’வும் ‘கெள’வும் ஒரே மூன்று விசைகள். ஓடிக்கொண்டிருக்கும் பல மாற்றிகள் இதைக் கண்டதும் ஔகாரம் என்று முடிவுகட்டிவிடுகின்றன. ‘வெளிநாடு’ ‘வௌிநாடு’ ஆவதும் ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆவதும் இப்படித்தான். செய்தித் தளங்களில் இந்தப் பிழையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. நான் வைத்த விதி எளியது. ளகர விசைக்குப் பின்னால் புள்ளியோ, காலோ, இகரக் குறியோ, ஈகாரக் குறியோ வந்தால் அது உண்மையான ள. வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் இதில் அடங்கிவிடும். எதுவும் வராவிட்டால் ஔகாரம். கௌரவம், மௌனம், பௌர்ணமி, வௌவால் இதில் அடங்கும். ளுகரத்துக்குத் தனி விசை என்பதால் அது குழப்பாது. இந்த ஒரு விதி இதழ் முழுவதற்கும் போதுமாக இருந்தது.

கோப்புகள் சில எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) ஆகச் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றை மாற்றியதும் ‘ரூபாய்’ வர வேண்டிய இடத்தில் ‘ரூயஅி்பாய்’ வந்தது. காரணம் இதுதான்: பாமினியில் ரூ என்பது ஆம்பர்சண்ட் (&) குறி. எச்டிஎம்எல்லில் அந்தக் குறியை அப்படியே எழுத முடியாது, அதற்குப் பின்னால் ஏ, எம், பி, அரைப்புள்ளி என்று நீட்டி எழுத வேண்டும். மாற்றி அந்த நான்கையும் ய, அ, இகரக் குறி, புள்ளி என்று உண்மையாகவே மொழிபெயர்த்துவிட்டது. ‘ஈரோடு’ ‘ரூடவ்ரோடு’ ஆனதும் இதே வழியில்தான், ஈ என்பது பாமினியில் சிறிது (<) என்னும் கணிதக் குறி. எச்டிஎம்எல் குறியீடுகளை முதலில் பிரித்துவிட்டுப் பிறகு பாமினியை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து.

என்னை அதிகம் தேட வைத்தது ஒரு கட்டுரை. நெய்தல் நிலத்து மீனவர்களைப் பற்றியது. அதில் சில வாக்கியங்கள் ‘கடல்’ என்று தொடங்க வேண்டிய இடத்தில் ‘குடல்’ என்று தொடங்கின. வாக்கியத்தின் நடுவில் வந்த கடல் எல்லாம் சரியாக இருந்தது. பைட்டுகளைப் பார்த்ததும் புரிந்தது. பாமினியில் சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. கோப்பை யாரோ பிற்காலத்தில் வேர்டில் ஒட்டிச் சேமித்திருக்கிறார்கள். முற்றுப்புள்ளிக்கு அடுத்த எழுத்தைப் பெரியதாக்கும் தானியங்கித் திருத்தம் அதில் வேலை செய்திருக்கிறது. வேர்டுக்கு அது ஆங்கிலம்தானே. வாக்கியத் தொடக்கத்தில் ‘அவர்’ ‘ஆவர்’ ஆகியிருந்தது, ‘எது’ ‘ஏது’ ஆகியிருந்தது, ‘கை’ என்பது ‘ஐக’ ஆகியிருந்தது (ஐகாரக் குறி ஆங்கிலச் சின்ன ஐ, ஐ என்னும் உயிரெழுத்து ஆங்கிலப் பெரிய ஐ). முற்றுப்புள்ளிக்குப் பின்னால் பெரிய எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லையும் சின்ன எழுத்தாக மாற்றிப் பார்த்து, இரண்டில் எது இதழில் வேறு இடங்களில் வருகிறதோ அதை வைக்கும்படி செய்தேன். இரண்டுமே வந்தால் பட்டியலில் சேர்த்து, அச்சுப் பிரதியைப் பார்த்து முடிவுசெய்தேன். பாமினிக் கோப்பை எந்தச் சூழலிலும் வேர்டில் திறந்து சேமிக்காதீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை அழிக்கும் எந்தக் கருவியும் இங்கே உகரத்தை அழிக்கிறது.

நடுநடுவே வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறியிருக்கும். ஆர்டிஎஃப் கோப்புகளில் எழுத்துருவின் பெயர் ஒவ்வொரு துண்டோடும் இருப்பதால் பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றச் சொல்லலாம். வெறும் டெக்ஸ்ட் கோப்பில் அந்த வசதி இல்லை. மாற்றிய பிறகு ‘வாந’, ‘யனெ’ என்ற இரண்டையும் தனிச்சொல்லாகத் தேடினேன். ஆங்கிலத்தில் மிக அதிகம் வரும் இரண்டு சிறு சொற்கள் (‘தி’, ‘அண்ட்’) பாமினியில் இப்படித்தான் ஆகும். அவை இருந்த பத்திகளை மட்டும் கையால் பிரித்தேன்.

திஸ்கி

இது விரைவில் முடிந்தது. லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும், கொம்புகளை இடம் மாற்றுவதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டுக்குத் திஸ்கியில் தனி எண் இருப்பதால் ளகரக் குழப்பமும் இல்லை.

ஆனால் சில கோப்புகளில் ‘ந்த’, ‘ல்லை’, ‘ங்கே’ என்று சொற்கள் தலையில்லாமல் வந்தன. தொலைந்தது எல்லாமே இகரம். திஸ்கியில் இ-க்கு 173, 254 என இரண்டு இடங்கள் உண்டு. 173 மேற்கத்திய அட்டவணையில் மென்கோடு, வரி உடையும்போது மட்டும் தெரியும் கோடு. வழியில் இருந்த ஏதோ ஒரு மென்பொருள் அதைத் தேவையற்றது என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறது. 254-ல் இகரத்தை வைத்த கோப்புகளில் எந்தச் சேதமும் இல்லை.

இலக்கணம் இங்கே கைகொடுத்தது. மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. எனவே புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இ சேர்த்தால் பெரும்பாலும் சரி. ‘ப்ரியா’ போன்ற பெயர்களை மட்டும் விலக்க வேண்டியிருந்தது. ‘இது’ வெறும் ‘து’ ஆனதும், ‘இருந்து’ ‘ருந்து’ ஆனதும் சொற்பட்டியலில் இல்லாத சொற்கள் என்று பிடிபட்டன. ‘இவர்’ ‘வர்’ ஆனதும் அப்படியே. ‘இனி’, ‘இடம்’, ‘இறகு’ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கடந்தேன். ‘இதழ்’ என்ற சொல்லே நிறைய இடங்களில் ‘தழ்’ என்று நின்றது.

உடைந்த யூடிஎஃப்-8

கடைசியாக இணையதளத்தின் மைசீக்வெல் நகல். இதில் இருந்தது யூனிகோடு. ஆகவே எளிது என்று நினைத்துக் கடைசிக்கு வைத்திருந்தேன். மொத்த வேலையில் இதுவே கடினம்.

திறந்தால் தலைக்கோடு போட்ட ஏ-வும், வட்டத்துக்குள் ஆரும் வரிசை வரிசையாகத் தெரியும், நம் எல்லோருக்கும் பழகிய காட்சி. யூடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ்-1252 என்ற மேற்கத்திய அட்டவணையின் எழுத்துகள் என்று ஒரு மென்பொருள் தவறாக நினைத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் யூடிஎஃப்-8 ஆக எழுதிவிட்டது. த என்பது 224 174 164 அல்லவா. 224 என்பது 195 160 ஆகிறது, 174 என்பது 194 174 ஆகிறது, 164 என்பது 194 164 ஆகிறது. மூன்று பைட் ஆறு பைட் ஆகிவிட்டது. க இன்னும் மோசம். அதன் மூன்றாவது பைட் 149, அந்த அட்டவணையில் கரும்புள்ளிக் குறி, அதற்கு மட்டும் 226 128 162 என மூன்று பைட்.

திருப்புவது நேரான வேலை. யூடிஎஃப்-8 ஆகப் படித்து, விண்டோஸ்-1252 ஆக எழுதி, அதை மறுபடி யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டும். பைத்தானில் ஒரே வரி. ஓட்டினேன், முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. ‘தமிழ்’ என்ற சொல்லில் ‘தமிழ’ வரை வந்து, புள்ளியில் நின்றது.

விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து ஓட்டைகள் உண்டு. 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களில் எந்த எழுத்தும் இல்லை. தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட்டாக இந்த எண்கள் எங்கெங்கே வருகின்றன என்று எழுதிப் பார்த்தேன். 224 175 129 உகரக் குறி. 224 175 141 புள்ளி. 224 174 143 ஏ. 224 174 144 ஐ. ஓம் குறியும் 144-ல் முடிகிறது, அது இதழில் வரவில்லை. ஆகத் தமிழுக்கு அடிபடுவது நான்கு: ஏ, ஐ, உகரக் குறி, புள்ளி. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாத வாக்கியம் ஒன்று எழுதிப் பாருங்கள்.

மைசீக்வெல் இந்த ஐந்து ஓட்டைகளையும் அப்படியே அதே எண்ணாகக் கடத்திவிடும். எனவே என் அட்டவணையிலும் அந்த ஐந்தையும் அதே எண்ணாகச் சேர்த்ததும் நகலின் ஒரு பகுதி முழுதாகத் திரும்பி வந்தது. ஒரு புள்ளிகூடச் சேதமில்லை. மறுபகுதியில் அது நடக்கவில்லை. தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபோது வேலை செய்தவர், பிழை வந்தால் நிறுத்தாமல் மாற்றுக்குறி போட்டுவிட்டு முன்னே போகச் சொல்லி ஓட்டியிருக்கிறார். ஓட்டை வந்த இடத்தில் எல்லாம் 239 191 189 உட்கார்ந்திருந்தது, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. புள்ளியா உகரமா என்ற தகவல் கோப்பில் இல்லவே இல்லை. ‘அவனுக்குத் தெரியும்’ என்பது இப்படி நின்றது (அந்தக் குறியை □ என்று காட்டுகிறேன்):

அவன□க□க□த□ தெரிய□ம□

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாய்ப்பு. முதல் சொல்லில் நான்கு பெட்டி, பதினாறு வடிவம். இரண்டாவதில் நான்கு வடிவம். இதற்குள் பாமினியும் திஸ்கியும் சுத்தமாகிவிட்டிருந்ததால், அவற்றிலிருந்து இதழின் சொற்பட்டியலை எடுத்தேன். அதே ஆசிரியர், அதே எழுத்தாளர்கள், அதே நடை. பொதுவான அகராதியைவிட இது நன்றாகப் பொருந்தியது. எல்லா வடிவங்களையும் உருவாக்கி, பட்டியலில் ஒன்று மட்டும் இருந்தால் அதை ஏற்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால், சொல் க, ச, த, ப ஒன்றில் முடிந்து அடுத்த சொல்லும் அதே எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்கினால் கடைசி எழுத்து சந்தியாக வந்த ஒற்று, அதை வெட்டிவிட்டு மீண்டும் தேட வேண்டும். அவனுக்குத் தெரியும், ஊருக்குப் போனான் எல்லாம் இப்படித் திரும்பி வந்தன. ஏ, ஐ இரண்டில் ஐ குறைவாக வருவதால் சிக்கல் பெரிதாக இல்லை. ‘ஐந்து’, ‘ஏந்து’ போன்ற ஜோடிகள் மட்டும் கண்ணுக்கு வந்தன.

கட்டுரைகள் நன்றாகத் தேறின. கதைகள் தேறவில்லை. காரணம் பேச்சுத்தமிழ். ‘நம்ம ஊர□’ என்றால் ஊரா ஊருவா? பேரா பேருவா, நாளா நாளுவா, பாலா பாலுவா? இரண்டுமே சொற்பட்டியலில் உண்டு. கதைசொல்லி எழுத்துத்தமிழில் ‘ஊர்’ என்பார், அடுத்த வரியில் பாத்திரம் ‘ஊரு’ என்னும். மேற்கோள் குறிக்குள் இருந்தால் பேச்சு என்று ஒரு விதி வைத்துப் பார்த்தேன். சில எழுத்தாளர்கள் உரையாடலுக்கு மேற்கோளே போடுவதில்லை, சிலருக்குக் கதை முழுவதுமே பேச்சுத்தமிழ். விதியை எடுத்துவிட்டேன். ஒரு எழுத்தாளர் எந்த இடத்தில் உகரம் போட்டார் என்பது அவருடைய காது. அதை நிரல் ஊகிக்கக் கூடாது.

இங்கேதான் அச்சுப் பிரதிகளை எடுத்தேன். தமிழ் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர், முடிவாகாத சொற்களை மஞ்சளில் காட்டும் பக்கத்தையும் அச்சு இதழையும் அருகருகே வைத்துச் சரிபார்த்தார். பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்று பேசி, மொத்தம் 3,400 ரூபாய் ஆனது. இந்த மொத்த வேலையில் மிகப் பெரிய செலவு இதுதான், மிகப் பயனுள்ள செலவும் இதுதான். கணு, கண் என்ற ஒரு ஜோடியை அவர்தான் பிடித்தார். கரும்பைப் பற்றிய கவிதை. நிரல் எண்ணிக்கை அதிகம் என்று ‘கண்’ணை வைத்திருந்தது.

தலைப்புகள் சில பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. தரவுத்தளத்தில் தலைப்புக்கு 255 பைட் ஒதுக்கியிருந்தார்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று என்றால் 85 குறியீடு, எழுத்தாகப் பார்த்தால் ஐம்பதைச் சுற்றி. நடுவே இடைவெளிகள் ஒரு பைட் என்பதால் வெட்டு எழுத்தின் நடுவிலேயே விழுந்திருந்தது. யூடிஎஃப்-8-ல் எழுத்தின் முதல் பைட்டும் தொடர் பைட்டும் வேறு வேறு எண் எல்லைக்குள் இருக்கும், தொடர் பைட் எப்போதும் 128 முதல் 191 வரைதான். 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் இதை வடிவமைத்தபோது, நடுவில் எங்கே விழுந்தாலும் அடுத்த எழுத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடியும்படி செய்தார்கள். அதனால் அரைகுறை எழுத்தை மட்டும் நீக்குவது சுலபம். தலைப்பின் மீதியை அச்சிலிருந்து தட்டச்சு செய்தேன்.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை ஓட்டினேன். ‘கொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்று, பைட்டில் வேறு. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கொம்பும் ளகரமுமாக இருக்கும் ‘கெள’வை அது தொடாது. ஆகவே அந்தத் திருத்தம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

கடைசிச் சோதனை சில தேடல்கள்தான். சொல்லின் தொடக்கத்தில் உயிர்மெய்க் குறி நிற்கிறதா? காலுக்குப் பின்னால் புள்ளி வருகிறதா? ஔகாரக் குறிக்குப் பின்னால் இகரக் குறி வருகிறதா? ஒரே எழுத்தில் இரண்டு குறி வருகிறதா? எங்காவது 239 191 189 மீந்திருக்கிறதா? இந்த ஐந்துக்கும் விடை பூஜ்யம் வரும்வரை முடிந்தது என்று சொல்லவில்லை. கோப்புகளை முன்குறி பைட்டுகள் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தேன். ஆசிரியர் எக்செலில் திறக்கும் பொருளடக்கப் பட்டியலுக்கு மட்டும் 239 187 191 என்ற மூன்று முன்குறி பைட்டுகளைச் சேர்த்தேன், இல்லாவிட்டால் அங்கே எழுத்து உடைகிறது.

அடுத்த முறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். அச்சுப் பிரதிகளை முதல் நாளே ஸ்கேன் செய்து பக்க எண்ணோடு வைத்துவிடுவேன். எந்த நிரலையும் மாற்றுக்குறி போட்டுத் தாண்டவிடாமல், பிழை வந்த இடத்தில் நின்று கத்தும்படி அமைப்பேன். தளத்தை முதன்முதலில் மாற்றியபோது நிரல் அப்படி நின்றிருந்தால் கதைகளின் உகரங்கள் தொலைந்தே இருக்காது. சுத்தமான பகுதியிலிருந்து சொற்பட்டியல் எடுப்பதைத் தொடக்கத்திலேயே செய்வேன், பாமினியின் பெரிய எழுத்துச் சிக்கலுக்கும் அது முன்பே கிடைத்திருக்கும்.

டிரைவும் சரிபார்ப்பும் சேர்த்து 4,650 ரூபாய். மென்பொருள் எல்லாம் இலவசம்.

பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பாக மட்டும் இருக்கும் சில இதழ்கள் மீதி. அவற்றை இன்றைய கணினியில் திறக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. பழைய பேஜ்மேக்கர் ஓடும் கணினி ஒன்றை அச்சகத்தில் இன்னும் வைத்திருப்பதாகத் தட்டச்சு அக்கா சொன்னார். அங்கே போய் டெக்ஸ்டாக எடுக்க வேண்டும், எடுக்கும்போது பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே பிரதி எடுக்க வேண்டும். ஒரே பெயரில் சில வடிவங்கள் உண்டு, சில விசைகள் இடம் மாறும். எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்பது கையில் இருந்தால்தான் அட்டவணையைச் சரியாகப் போட முடியும்.